கன்சோல் கேள்வி-பதில்: வீ யூ ஏன் விழுந்தது, வைத்திருப்பவர்கள் இனி என்ன செய்வது?

நின்டெண்டோ நிறுவனத்தின் வீ யூ கன்சோல் (டிவியோடு இணைத்து வீடியோ கேம் ஆடும் இயந்திரம்) பற்றி வாசகர்கள் கேட்டவற்றை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். விற்பனைக் கதையில் தொடங்கி ரிப்பேர் வரை எல்லாம் கலந்துதான் வரும்.

கேள்வி: வீ அப்படி விற்றது. அடுத்து வந்த வீ யூ மட்டும் ஏன் தரைதட்டியது? அவ்வளவு மட்டமான இயந்திரமா?

பதில்: கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். வீ 10 கோடியே 16 லட்சம் விற்றது. வீ யூ 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரத்தில் நின்றுவிட்டது. வீக்கு முன்பு வந்த, அதுவரை தோல்வி என்று பேசப்பட்ட கேம்கியூபே 2 கோடியே 17 லட்சம் போயிருக்கிறது. 2012 நவம்பர் 18-ல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த வீ யூவின் உற்பத்தி 2017 ஜனவரியில் முடிந்தது.

முதல் கோளாறு பெயரிலேயே இருந்தது. 2011-ல் இ3 வீடியோ கேம் கண்காட்சியில் அறிமுகம் செய்தபோது, கையில் பிடித்து விளையாடும் திரை வைத்த கன்ட்ரோலரான கேம்பேடைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். கன்சோல் பெட்டி கண்ணில் பட்டதே அரிது. வீ வைத்திருந்தவர்கள் வீட்டில் ஏற்கெனவே பேலன்ஸ் போர்டு, ஸ்டீயரிங் என்று ஏகப்பட்ட துணைச் சாமான்கள் கிடந்தன. இதுவும் அந்த வரிசையில் இன்னொன்று என்று அவர்கள் நினைத்ததில் தப்பில்லை.

இரண்டாவது, உள்ளே இருந்த சரக்கு. பழைய வீ கேம்கள் ஓட வேண்டும் என்பதற்காக அதே பவர்பிசி குடும்பத்துப் பிராசஸரை மூன்று கோராக்கி, 1.24 கிகாஹெர்ட்ஸில் ஓடவிட்டார்கள். மொத்த ரேம் 2 ஜிபி. அதில் 1 ஜிபி சிஸ்டத்துக்குப் போய்விடும், கேமுக்குக் கிடைப்பது மீதி 1 ஜிபி. ஓராண்டு கழித்து வந்த சோனியின் பிஎஸ்4, மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலும் எட்டுக் கோர், 8 ஜிபி ரேம். அவற்றுக்காக எழுதிய கேமை வீ யூவுக்குள் அடக்குவது என்றால் பாதியைத் திருப்பி எழுத வேண்டும். கொஞ்சம் பேர் மட்டுமே வைத்திருக்கும் கன்சோலுக்காக அந்தச் செலவை யார் செய்வார்கள்?

மூன்றாவதுதான் எங்கள் கணக்கில் உயிரை எடுத்தது. அதுதான் கேம் வறட்சி. தொடக்க வெளியீடுகள் முடிந்ததும் 2013-ன் முதல் பாதியில் நின்டெண்டோவிடமிருந்து வந்தவற்றை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். பிக்மின் 3 கைக்கு வரவே ஜூலை, ஆகஸ்ட் ஆகிவிட்டது. முதன்முறையாக எச்டி தரத்தில் கேம் செய்யும்போது எத்தனை ஆள், எத்தனை மாதம் பிடிக்கும் என்பதைக் குறைத்து மதிப்பிட்டதன் விளைவு அது. பலன், 2013 ஏப்ரல் முதல் ஜூன் வரை உலகம் முழுவதும் விற்றது வெறும் 1 லட்சத்து 60 ஆயிரம்.

மற்ற நிறுவனங்கள் அதற்குள் கதவைச் சாத்தத் தொடங்கிவிட்டன. மேடையேறி வாழ்த்திய இஏ நிறுவனம், பிஃபா 13 கால்பந்து கேமைக் கொடுத்தது, பிஃபா 14-ஐக் கொடுக்கவில்லை. வீ யூவுக்கு மட்டுமே என்று சொல்லி 2013 பிப்ரவரியில் வரவிருந்த ரேமன் லெஜண்ட்ஸை யுபிசாஃப்ட் செப்டம்பருக்குத் தள்ளி, மற்ற கன்சோல்களிலும் வெளியிட்டது. மாஸ் எஃபெக்ட் 3 கதை இன்னும் வேடிக்கை. வீ யூவில் மூன்றாம் பாகம் மட்டும் முழு விலைக்கு வந்த அதே மாதம், எக்ஸ்பாக்ஸ் 360-ல் மூன்று பாகமும் சேர்ந்த தொகுப்பு ஒரே கேமின் விலைக்கு வந்தது. கேம் இல்லாததால் கன்சோல் விற்கவில்லை, கன்சோல் விற்காததால் கேம் வரவில்லை. இந்தச் செக்குமாட்டுச் சுற்றிலிருந்து அது கடைசிவரை வெளியே வரவில்லை.

2014 மார்ச்சில் முடிந்த நிதியாண்டுக்கு 90 லட்சம் விற்போம் என்றவர்கள் ஜனவரியில் அதை 28 லட்சமாக வெட்டினார்கள். விற்றது 27.2 லட்சம். அந்த ஆண்டின் இயக்க நஷ்டம் 4,640 கோடி யென். தலைவர் சதோரு இவாத்தா ஐந்து மாதத்துக்குத் தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்.

கேள்வி: நின்டெண்டோவின் கையடக்கக் கன்சோலான 3டிஎஸ் கூடத் தொடக்கத்தில் தடுமாறியது. விலையைக் குறைத்ததும் எழுந்துவிட்டதே. வீ யூவுக்கு அந்த வைத்தியம் ஏன் பலிக்கவில்லை?

பதில்: இரண்டுக்கும் கொடுத்த மருந்தின் அளவு வேறு. 3டிஎஸ்ஸின் விலை 2011 ஆகஸ்டில் ஒரே அடியாக 249.99 டாலரிலிருந்து 169.99-க்கு இறங்கியது. முன்பே வாங்கியவர்கள் கோபப்படாமல் இருக்க 20 பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்தார்கள். இதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது. நவம்பரில் சூப்பர் மாரியோ 3டி லேண்ட், டிசம்பரில் மாரியோ கார்ட் 7. விலை இறங்கிய சூட்டோடு கேமும் வந்தது. கடைசியில் அது 7 கோடியே 59 லட்சம் விற்றது.

வீ யூவில் 2013 செப்டம்பரில் குறைந்தது 50 டாலர்தான். 349.99-லிருந்து 299.99. நவம்பரில் சூப்பர் மாரியோ 3டி வேர்ல்டு வந்தது உண்மை. ஆனால் அதே மாதம் பிஎஸ்4 399 டாலருக்கு வந்து நின்றது. மாரியோ கார்ட் 8-க்கு 2014 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கு மேல் ஏன் குறைக்கவில்லை என்றால், பெட்டிக்குள் இருந்த கேம்பேடு. 6.2 அங்குலத் தொடுதிரை, கேமரா, வயர்லெஸ் சிப், பேட்டரி எல்லாம் அதற்குள். வெளியான நாளிலேயே கன்சோலை அடக்க விலைக்குக் கீழேதான் விற்றார்கள். வாங்குபவர் கூடவே ஒரு கேம் வாங்கினால்தான் கணக்கு நேராகும். எக்ஸ்பாக்ஸ் ஒன் சறுக்கியபோது மைக்ரோசாஃப்ட் 2014 ஜூனில் கைனெக்ட் கேமராவைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு 100 டாலர் குறைத்தது. வீ யூவிலிருந்து கேம்பேடை எடுத்துவிட்டால் செட்டிங்ஸைக் கூடத் திறக்க முடியாது.

ஒரு கொசுறு: இரண்டு கேம்பேடு வைத்து விளையாடலாம் என்று 2012-ல் அறிவித்தார்கள். அந்த வசதியைப் பயன்படுத்திய கேம் ஒன்றுகூட வரவில்லை.

கேள்வி: செகாவின் ட்ரீம்காஸ்ட் கன்சோலும் இப்படித்தானே போனது? செகா கன்சோல் தொழிலையே விட்டது, நின்டெண்டோ மட்டும் எப்படித் தப்பியது?

பதில்: கையிருப்புப் பணம். ட்ரீம்காஸ்ட் விற்றது 91 லட்சம். அதற்கு முந்தைய சாட்டர்ன் கன்சோலே செகாவின் பணப்பையைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. 199 டாலரில் தொடங்கியதை 2001 பிப்ரவரியில் 99-க்குத் தள்ளிவிட்டு, மார்ச்சோடு உற்பத்தியை நிறுத்தி, பிறர் கன்சோல்களுக்குக் கேம் செய்யும் நிறுவனமாக மாறியது.

நின்டெண்டோவுக்கு 3டிஎஸ் பக்கத்திலேயே சோறு போட்டுக்கொண்டிருந்தது. 2014 நவம்பரில் வந்த, கேமோடு இணையும் அமீபோ பொம்மைகளும் கைகொடுத்தன. வீ யூ விழுந்துகொண்டிருந்த காலத்திலேயே, 2015 மார்ச் நிதியாண்டில் 2,480 கோடி யென் இயக்க லாபம். அதே மார்ச்சில் அடுத்த கன்சோலை 'என்எக்ஸ்' என்ற குறிப்பெயரில் அறிவித்தார்கள். அதுதான் 2017-ல் வந்த ஸ்விட்ச். வீ யூவில் திரை கையில், இயந்திரம் டிவி அடியில். பக்கத்து அறைக்குப் போனாலே படம் அறுந்துவிடும். ஸ்விட்ச்சில் இயந்திரத்தையே திரைக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். முதல் பத்து மாதத்துக்குள் வீ யூவின் வாழ்நாள் விற்பனையைத் தாண்டியது.

வீ யூவுக்குச் செய்த கேம்களும் வீணாகவில்லை. மாரியோ கார்ட் 8 வீ யூவில் 84.6 லட்சம் விற்றது, அதாவது நூறு வீட்டில் 62-ல் இருந்தது. இதன் டீலக்ஸ் பதிப்பு ஸ்விட்ச்சில் 6 கோடியைத் தாண்டியது.

கேள்வி: பழைய வீ யூ ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கும் முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பதில்: கேம்பேடு இல்லாமல் வருகிறதா? பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். முதல் செட்டப், செட்டிங்ஸ் எல்லாமே அதில்தான். தனியாகத் தேடி வாங்குவது கன்சோலை வாங்குவதைவிடக் கஷ்டம்.

அடுத்தது மண்டலப் பூட்டு. ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா என்று கன்சோல்கள் பிரிக்கப்பட்டவை. டிஸ்க்கும் கன்சோலும் ஒரே மண்டலமாக இருக்க வேண்டும். கேம்பேடுக்கும் இதே விதி. அடாப்டரைத் திருப்பி, எந்த மின்னழுத்தத்துக்கானது என்று படியுங்கள். ஜப்பானிய அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது, அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது. 220-230 வோல்ட் வரும் இடத்தில் நேராகச் செருகினால் அன்றோடு சரி.

வெள்ளைப் பெட்டி என்றால் பெரும்பாலும் 8 ஜிபி, கறுப்பு என்றால் 32 ஜிபி. 8 ஜிபியில் உங்கள் உபயோகத்துக்கு மிஞ்சுவது சுமார் 3 ஜிபி. கறுப்புப் பெட்டியோடு இலவசமாக வந்த நின்டெண்டோ லேண்டை டவுன்லோட் செய்தால்கூட வெள்ளைப் பெட்டிக்குள் அடங்காது! இயந்திரத்தில் வேறு வித்தியாசம் இல்லை என்பதால், ஹார்ட் டிரைவ் மாட்டும் எண்ணம் இருந்தால் 8 ஜிபியும் போதும்.

பவர் கொடுத்தபின் அவசரப்படாமல் அரை மணி நேரமாவது ஓடவிடுங்கள். செட்டிங்ஸுக்குள் போய் ஒவ்வொரு பிரிவையும் திறந்து மூடுங்கள். எங்காவது உறைந்து நின்றாலோ 160 என்று தொடங்கும் பிழை எண் வந்தாலோ உள்மெமரி சந்தேகத்துக்குரியது. வீ யூ டிஸ்க் ஒன்று, வீ டிஸ்க் ஒன்று, இரண்டையும் போட்டுப் பாருங்கள். டிஸ்க் உள்ளே போய்த் திரும்பத் திரும்பக் கடகடவென்று தேடினால் லென்ஸ் தேய்ந்திருக்கிறது. கேம்பேடில் ஸ்டைலஸால் திரையின் நாலு மூலையிலும் கோடு இழுங்கள். இது அழுத்தத்தை உணரும் திரை, போன் திரை மாதிரி மெல்லத் தொட்டால் போதாது. இரண்டு ஸ்டிக்குகளையும் சுற்றி, உள்ளே அழுத்தியும் பார்க்க வேண்டும். பிறகு கேம்பேடை எடுத்துக்கொண்டு கன்சோலிலிருந்து ஐந்தாறு மீட்டர் நகருங்கள். தடுப்பில்லாத இடத்தில் சுமார் 8 மீட்டர் வரை படம் தெளிவாக வர வேண்டும்.

கடைசியாக, முந்தைய உரிமையாளரின் கணக்கு. வழக்கமாக எல்லாவற்றையும் அழித்துக் கொடுக்கச் சொல்வோம். இந்தக் கன்சோலில் அதில் ஒரு யோசனை வேண்டும். டவுன்லோட் கேம்கள் கன்சோலோடு கட்டப்பட்டவை. நின்டெண்டோவின் இணையக் கடையான ஈஷாப்பே மூடிவிட்ட நிலையில், அழித்துவிட்டால் அவற்றை மறுபடி வாங்க முடியாது. எது என்று விற்பவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

கேள்வி: இரண்டு வருடமாகப் பரணில் கிடந்த வீ யூவை எடுத்துப் போட்டால் 160-0103 என்று காட்டுகிறது. ஃபார்மட் செய்தால் சரியாகுமா?

பதில்: செய்யாதீர்கள். அதுதான் முதல் மருந்து.

அந்த எண்ணுக்கு உள்மெமரியைப் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். வீ யூவுக்குள் இரண்டு வகை மெமரி இருக்கிறது. சிறியதில் கன்சோலை எழுப்பும் மென்பொருள். 8 அல்லது 32 ஜிபி உள்ள பெரியதில் கேம், சேவ் (விளையாட்டில் எட்டிய இடத்தின் பதிவு), கணக்கு விவரம், சில சிஸ்டம் செயலிகள். பெரியது பழுதானால் லோகோ வரும், அதன்பின் தடுக்கி விழும். இந்தப் பெரிய மெமரி மூன்று நிறுவனங்களின் சிப்புகளில் வந்தது. அவற்றில் ஒரு நிறுவனத்தின் சிப்புதான் பழுதானவற்றில் அதிகம். ஃப்ளாஷ் மெமரி மின்னூட்டத்தைப் பிடித்துவைத்துத்தான் தகவலைக் காப்பாற்றுகிறது. பவர் இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தால் அந்த மின்னூட்டம் கசியும். தரம் குறைந்த சிப்பில் சீக்கிரம் கசியும். இந்த நிலையில் ஃபார்மட் கொடுத்தால் பாதி எழுதி நடுவில் நின்றுபோகலாம். இப்போது அரை உயிரோடு இருப்பது முழுசாகப் போய்விடும்.

செய்ய வேண்டியது இது. யுஎஸ்பி டிரைவ், எஸ்டி கார்டு, டிஸ்க் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சில சமயம் கெட்டுப்போன யுஎஸ்பி டிரைவும் இதே 160 வரிசைப் பிழைகளைக் கிளப்பும். அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றிச் சில நிமிடம் கழித்து மறுபடி செருகிப் பாருங்கள். ஒரே முயற்சியில் விட்டுவிட வேண்டாம். நாலாவது முறை எழுந்து நிற்கும் கன்சோல்களும் உண்டு. எழுந்தால் விளையாட உட்காராதீர்கள். யுஎஸ்பி ஹார்ட் டிரைவை மாட்டி, செட்டிங்ஸில் டேட்டா மேனேஜ்மென்ட் பகுதிக்குப் போய், சேவ்களை முதலில் நகலெடுங்கள், பிறகு கேம்களை.

எழவே இல்லை என்றால் ரிப்பேர்தான். ஜப்பானில் நின்டெண்டோ 2024-ல் உதிரி பாகம் தீர்ந்து வீ யூ ரிப்பேரையே நிறுத்திவிட்டது. தனியார் ரிப்பேரில் வழி இருக்கிறது. பெரிய மெமரி சிப்பின் இடத்தில் சிறு போர்டு ஒன்றைச் சால்டர் செய்து, எஸ்டி கார்டை மெமரியாக மாற்றுகிறார்கள். ஆனால் வேறொரு வீ யூவின் சிப்பைக் கழற்றி இதில் ஒட்ட முடியாது. ஒவ்வொரு கன்சோலும் தன் சொந்தச் சாவியால் தகவலைப் பூட்டி வைத்திருக்கிறது. அந்தச் சாவியை எடுத்து, அதற்கேற்ப மென்பொருளைத் திரும்பக் கட்ட வேண்டும். 'சிப் மாத்தினா போதும்' என்று மட்டும் சொல்லும் மெக்கானிக்கிடம் கொடுக்காதீர்கள்.

நன்றாக ஓடும் வீ யூ வைத்திருப்பவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பவர் கொடுத்து ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். செலவில்லாத பழக்கம்.

கேள்வி: கேம்பேடு சார்ஜ் ஒரு மணி நேரம்கூட நிற்பதில்லை. பேட்டரியை நானே மாற்றலாமா?

பதில்: தாராளமாக. கூட வந்தது 1,500 எம்ஏஎச் பேட்டரி, புதிதாக இருந்தபோதே 3 முதல் 5 மணி நேரம்தான். எண் டபிள்யூயுபி-012. நின்டெண்டோவே பிறகு 2,550 எம்ஏஎச் பேட்டரியை விற்றது. எண் டபிள்யூயுபி-013, 5 முதல் 8 மணி நேரம் வரும். அதற்கான இடம் உள்ளே முதலிலிருந்தே காலியாகத்தான் இருந்தது. ஏன் முதலிலேயே போடவில்லை என்று கேட்டால், மேலே சொன்ன விலைக் கணக்காகத்தான் இருக்க வேண்டும்.

சார்ஜரைக் கழற்றி, கேம்பேடை அணைத்து, பின்பக்கப் பேட்டரி மூடியின் திருகுகளைச் சிறிய நட்சத்திர ஸ்க்ரூடிரைவரால் எடுங்கள். முழுப் பின்பக்கத்தையும் பிரிக்கத் தேவையில்லை. கனெக்டரை ஒயரைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக்கைப் பிடித்து அசைத்து எடுக்க வேண்டும். பழைய பேட்டரி உப்பியிருந்தால் கத்தி கொண்டு நெம்பாதீர்கள். கடைகளில் 4,000, 5,000 என்று எண் போட்டு விற்பவற்றில் அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம்.

கேம்பேடே செத்துவிட்டு அதே மண்டலத்தின் வேறொன்று கிடைத்தால் இணைப்பது சுலபம். கன்சோலின் முன்பக்கம் உள்ள சிவப்பு சிங்க் பொத்தானை அழுத்தினால் டிவியில் சீட்டுக்கட்டின் நான்கு குறிகள் ஒரு வரிசையில் வரும். கேம்பேடின் பின்னால் உள்ள சிங்க்கை அழுத்தி அதே வரிசையைத் தட்டுங்கள்.

கேம்பேடின் ஆயுளை நீட்ட ஆசைப்பட்டால் ஒரு ப்ரோ கன்ட்ரோலர் வாங்கிவிடுங்கள். ஒரு சார்ஜில் 80 மணி நேரம் நிற்கும். பெரும்பாலான கேம்களுக்கு அது போதும்.

கேள்வி: 128 ஜிபி பென் டிரைவ் மாட்டினால் போதாதா, ஹார்ட் டிரைவ்தான் வேண்டுமா?

பதில்: மாட்டினால் ஏற்கும், ஆனால் நின்டெண்டோ அதைப் பரிந்துரைப்பதில்லை. தொடர்ந்து எழுதி அழிக்கும் வேலைக்குப் பென் டிரைவ் தாங்காது. ஹார்ட் டிரைவ் வாங்குங்கள், 2 டிபிக்கு மேல் வேண்டாம், அதுதான் உச்ச வரம்பு. தனி அடாப்டர் உள்ள பெரிய டிரைவ் என்றால் சிக்கலே இல்லை. சட்டைப்பையில் போகும் சின்ன டிரைவுக்கு ஒரு யுஎஸ்பி துளை தரும் மின்சாரம் போதாது. இரண்டு துளையிலும் செருகும் ஒய் வடிவக் கேபிள் வேண்டும். கேம் நடுவில் டிரைவ் காணாமல் போவதற்குப் பத்தில் எட்டு முறை இதுவே காரணம்.

மாட்டியதும் வீ யூ தன் வழியில் ஃபார்மட் செய்யும், உள்ளே இருந்தது எல்லாம் போகும். அதன்பின் கம்ப்யூட்டரில் அந்த டிரைவைப் படிக்க முடியாது. இன்னொரு வீ யூவிலும் படிக்க முடியாது.

கேள்வி: ஆன்லைன் திரும்ப வருமா?

பதில்: நின்டெண்டோவிடமிருந்து வராது. ஈஷாப்பில் வாங்குவது 2023 மார்ச் 27-ல் நின்றது. ஆன்லைன் விளையாட்டு 2024 ஏப்ரல் 8-ல் முடிந்தது. ஏற்கெனவே வாங்கியதையும் அப்டேட்களையும் மறுபடி இறக்கும் வழி மட்டும் திறந்து வைத்திருக்கிறார்கள். அது என்றைக்கும் திறந்திருக்கும் என்று நம்பாமல் எல்லாவற்றையும் இப்போதே டிரைவில் இறக்கி வையுங்கள். மாரியோ கார்ட் 8-ன் கூடுதல் 16 டிராக்குகளை அப்போது வாங்காதவர்களுக்கு இனி அவை இல்லை. மாரியோ மேக்கரில் பிறர் கட்டிய லெவல்களும் போயின. ப்ரிடெண்டோ என்று தன்னார்வலர்கள் நடத்தும் மாற்றுச் சர்வர் ஒன்று உண்டு. ஸ்பிளாட்டூன் பிரியர்கள் அங்கேதான் கூடுகிறார்கள். நின்டெண்டோவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வீட்டுக்குள் நாலு பேர் உட்கார்ந்து விளையாடுவதற்கு இவை எதுவும் தடையில்லை. விண்ட் வேக்கர் எச்டி, ட்வைலைட் பிரின்சஸ் எச்டி, நின்டெண்டோ லேண்ட், ஸ்டார் ஃபாக்ஸ் ஜீரோ ஆகியவற்றின் டிஸ்க்குகளைத் தேடுங்கள். மற்ற பெரிய பெயர்களில் பல ஸ்விட்ச்சுக்குக் குடிபெயர்ந்துவிட்டன.

கேள்வி: இனி புதிதாக ஒரு கன்சோல் வந்து சரியாக விற்கவில்லை என்றால், அது மூழ்கும் கப்பலா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: விற்பனை எண் கடைசியாகத் தெரியும் அறிகுறி. அதற்கு முன்பே தெரிவது வருடாந்திர விளையாட்டு கேம்கள். கால்பந்து, கூடைப்பந்து கேம்கள் இரண்டாம் ஆண்டில் வரவில்லை என்றால் பெரிய நிறுவனங்கள் கணக்குப் போட்டு முடித்துவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்து, 'இந்தக் கன்சோலுக்கு மட்டும்' என்று அறிவித்த கேம் சத்தமில்லாமல் மற்றவற்றுக்கும் போகிறதா என்று பாருங்கள். நிறுவனம் தன் ஆண்டு மதிப்பீட்டை நடுவில் பாதிக்குக் கீழே வெட்டினால் மூன்றாவது எச்சரிக்கை மணி.

விலைக் குறைப்பைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம். அதோடு கேம் வருகிறதா என்பதுதான் கேள்வி. பிஎஸ்3 2006-ல் 599 டாலருக்கு வந்து அடி வாங்கியது. விலையும் இறங்கி, கேமும் சேர்ந்து வந்ததால் 8 கோடியைத் தாண்டியது. பிஎஸ் வீட்டா என்ற கையடக்கக் கன்சோலில் சோனி தனக்கென்றே ஒரு மெமரி கார்டைச் செய்து, 32 ஜிபியை 100 டாலருக்கு விற்றது. கன்சோல் விலையைக் குறைத்தாலும் அந்தக் கார்டு வாங்க வருபவரைத் துரத்தியது. எனவே பெட்டி விலையை மட்டும் பார்க்காமல் கார்டு, கன்ட்ரோலர், ஆன்லைன் சந்தா எல்லாம் கூட்டிப் பாருங்கள்.

இன்றைக்குக் கடையில் இருக்கும் கேம்களில் நாலு உங்களுக்குப் பிடித்திருந்தால், அது மூழ்கினாலும் வாங்கலாம், டிஸ்க்கில்.

கேள்வி: வீ யூவில் டிவிடி படம் ஓடுமா?

பதில்: ஓடாது, ப்ளூ-ரேயும் ஓடாது. வீ, வீ யூ டிஸ்க் இரண்டு மட்டும். கேம்கியூப் டிஸ்க்கைத் திணித்துப் பார்க்காதீர்கள், அது சின்னது, உள்ளே சிக்கிக்கொள்ளும்.